நிறுவும் முன் முடிக்க வேண்டிய வேலை

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை அதிகாலை. கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸ் தன் கோர் நெட்வொர்க்கில் ஒரு மாற்றம் செய்தது. ஒரு ரௌட்டரில் இருந்த வடிகட்டி நீங்கியதால், அதுவரை தடுக்கப்பட்டிருந்த ரௌட்டிங் தகவல் மொத்தமாகப் பாய்ந்து கோர் ரௌட்டர்களை முடக்கியது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியும் இணையமும் நின்றன. இன்டராக் வழியான டெபிட் கார்டு பணப்பரிமாற்றம் நாடு முழுவதும் தடைபட்டது. 911 அவசர அழைப்பு பலருக்குக் கிடைக்கவில்லை. பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது: பொறியாளர்கள் ரௌட்டர்களை நிர்வகிக்கப் பயன்படுத்திய மேலாண்மை நெட்வொர்க்கும் அதே கோரை நம்பித்தான் இருந்தது. கோர் விழுந்ததும் அதுவும் விழுந்தது. கோளாறுக்கான காரணம் ரௌட்டரின் லாகில் இருந்தும், அதைத் திறந்து பார்க்க வழியில்லாமல் பல மணி நேரம் போனது. தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூடப் போட்டி நிறுவனங்களின் சிம் கார்டு தேவைப்பட்டது.

அவ்வளவு பெரிய நிறுவனத்தில் கண்காணிப்பு மென்பொருளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. அந்த மென்பொருள் நிற்க வேண்டிய தளம்தான் சரியாகப் போடப்படவில்லை.

நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளை நிறுவுவது இன்று அரைநாள் வேலை. ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ், ஆப்மேனேஜர், புரோமிதியஸ் என எதை எடுத்தாலும் நிறுவல் வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. படிப்படியாகப் போனால் மாலைக்குள் திரையில் வரைபடம் வந்துவிடும். அந்த அரைநாளுக்கு முன் நடக்க வேண்டிய வேலையோ வாரக்கணக்கில் இழுக்கும். அதைச் செய்யாத இடத்திலும் மென்பொருள் ஓடும், பச்சை விளக்குகள் எரியும். ஆனால் அது காட்டுவது உண்மையா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வழிகாட்டிகள் பெரும்பாலும் சர்வருக்கு எத்தனை சிபியூ கோர், எத்தனை ஜிபி ரேம் என்று தொடங்குகின்றன. நிறுவனங்களும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றன. என் பார்வையில் தயாரிப்பு வேலையின் பெரும்பங்கு சர்வரில் இல்லை. கண்காணிக்கப்படும் ஸ்விட்சுகளிலும் ரௌட்டர்களிலும், அவற்றுக்கும் சர்வருக்கும் இடையிலான பாதையிலும்தான் இருக்கிறது.

மென்பொருள் தானாக எதையும் பார்ப்பதில்லை

ஒரு கருவி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளையை மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். கருவியின் உள்நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் எஸ்என்எம்பி நெறிமுறை 1988இல் வந்தது. இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 64 கிலோபிட் வேகமுள்ள ஒரே ஒரு வெளித்தொடர்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க டோபி ஓட்டிகர் எழுதிய எம்ஆர்டிஜி, 1995க்குப் பிறகு உலகெங்கும் பரவியது. 1999இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்ட நெட்செயின்ட் பின்னர் நாகியோஸ் ஆனது. 2001இல் லாட்வியாவின் அலெக்சி விளாடிஷேவ் ஜாபிக்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டார். இந்த வரிசையில் சென்னைக்கும் இடமுண்டு. 1996இல் தொடங்கப்பட்ட அட்வென்ட்நெட், நெட்வொர்க் மேலாண்மைக்கான மென்பொருள்களை எழுதித்தான் காலூன்றியது. 2009இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் மேனேஜ்என்ஜின் பிரிவின் ஆப்மேனேஜர் வழியாக அந்த வேலை தொடர்கிறது.

இவை எல்லாமே கருவி சொல்வதைக் கேட்டுத்தான் பேசுகின்றன. கருவி பேச வேண்டுமானால் அதைப் பேசும்படி அமைத்திருக்க வேண்டும், யாரிடம் பேசலாம் என்று அனுமதித்திருக்க வேண்டும், பேசியது வந்துசேரப் பாதை திறந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் எந்த நிறுவல் நிரலும் செய்து தராது.

அதற்கும் முன்னால் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். இதற்குத்தான் தானியங்கித் தேடல் இருக்கிறதே என்பார்கள். தேடலை நம்பி நேராக இறங்குவதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது பலருக்குத் தெரிவதே இல்லை. எஸ்என்எம்பியின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல்லின் வேலையைச் செய்வது கம்யூனிட்டி ஸ்ட்ரிங். அது மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே பயணிக்கும். 65,536 முகவரிகள் கொண்ட ஒரு வரம்பைத் தேடச் சொன்னால், மென்பொருள் அந்த ஸ்ட்ரிங்கைக் கண்ணில் பட்ட ஒவ்வொரு முகவரிக்கும் அனுப்பிப் பார்க்கும். அவற்றில் ஒன்று வைரஸ் தாக்கிய மடிக்கணினியாக இருந்தால், நெட்வொர்க்கின் சாவியை நாமே அதன் கையில் கொடுத்தாயிற்று. இரண்டாவது, முழு போர்ட் ஸ்கேனுக்குக் கருவிகள் காட்டும் எதிர்வினை. பிரிண்டர்கள் 9100ஆம் போர்ட்டில் வருவதை அச்சிட வேண்டிய செய்தியாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்கேன் நடந்த மறுநாள் காலை அச்சுத் தட்டில் புரியாத எழுத்துகளோடு தாள்கள் குவிந்திருக்கும். மருத்துவமனையின் ஆய்வகக் கருவிகள், தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் போன்ற பழைய சாதனங்கள் ஸ்கேனைத் தாங்காமல் நின்றுபோவதும் உண்டு.

கோர் ஸ்விட்சிலிருந்து தொடங்கி, எல்எல்டிபி சொல்லும் அண்டைக் கருவிகளின் பட்டியலையும் ஏஆர்பி அட்டவணையையும் எடுத்துக் கையால் ஒரு பட்டியல் தயாரிப்பது மெதுவான வழி. ஆனால் நம்பகமான வழி அதுதான். அந்தப் பட்டியலில் கருவியின் பெயர், மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, மேலாண்மை ஐபி, இருக்கும் இடம், பொறுப்பாளர் ஆகியவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெயர் வைப்பதில் ஒரே ஒழுங்கு வேண்டும். ‘ஸ்விட்ச்’ என்ற இயல்புப் பெயரோடு 40 கருவிகள் திரையில் வந்தால், நள்ளிரவில் எச்சரிக்கை வரும்போது எந்த மாடிக்கு ஓடுவது? கருவியிலேயே அதன் பெயரையும் இடத்தையும் எழுதிவைக்க எஸ்என்எம்பியில் தனிப் புலங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்ப ஒரு கருவிக்கு ஒரு நிமிடம் போதும்.

கருவிகளின் பக்கம்

எஸ்என்எம்பிக்கு மூன்று பதிப்புகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவதும் 2சி எனப்படும் இரண்டாவதும் மேலே சொன்ன திறந்த ஸ்ட்ரிங்கை நம்புபவை. ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற தொழிற்சாலை இயல்புச் சொற்கள் இன்றும் பல கருவிகளில் மாற்றப்படாமல் கிடக்கின்றன. 2002இல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகக் குழு, பல தயாரிப்பாளர்களின் எஸ்என்எம்பி செயலாக்கங்களில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாம் பதிப்பின் இறுதி வரையறை வெளிவந்தது. பயனர் பெயர், அடையாளச் சரிபார்ப்பு, மறைகுறியாக்கம் மூன்றும் அதில் உண்டு. இன்று புதிதாக மேலாண்மை மென்பொருள் வைக்கும் எவரும் மூன்றாம் பதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய ஸ்விட்சுகள் 2சியை மட்டுமே அறிந்திருந்தால் அவற்றைத் தனிப் பட்டியலிட்டு, மேலாண்மை சர்வரின் ஐபி தவிர வேறு எவரும் கேட்க முடியாதபடி ஏசிஎல் போட வேண்டும். எழுதும் அனுமதியை எந்தப் பதிப்பிலும் திறக்கக் கூடாது. எழுதும் அனுமதி கிடைத்தவர் சில ரௌட்டர்களின் முழு உள்ளமைவையும் வெளியே நகலெடுத்துக்கொள்ள முடியும்.

மூன்றாம் பதிப்பிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் என்ஜின் ஐடி என்ற தனி அடையாளம் உண்டு. பயனரின் மறைச்சாவி அதோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு ஸ்விட்சின் உள்ளமைவையோ ஒரு மெய்நிகர் சர்வரையோ அப்படியே நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும்போது இந்த அடையாளமும் சேர்ந்து நகலாகிவிடுவதுண்டு. அந்த அடையாளத்துக்கு உரிய கருவி எத்தனை முறை மறுதொடக்கமானது, கடைசித் தொடக்கத்திலிருந்து எத்தனை விநாடி ஆனது என்று மேலாண்மை சர்வர் நினைவில் வைத்திருக்கும். விநாடிக் கணக்கு 150க்கு மேல் பிசகினால் செய்தி நிராகரிக்கப்படும். ஒரே அடையாளத்தோடு இரண்டு கருவிகள் பதில் சொல்லும்போது சர்வர் மாறி மாறி நம்பி, மாறி மாறி நிராகரிக்கும். திரையில் இரண்டு கருவிகளும் விழுந்து எழுந்துகொண்டே இருப்பதாகத் தெரியும். கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், ஸ்விட்சையே மாற்றுவார்கள். என்ஜின் ஐடியை ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

இதைவிடப் பரவலானது இன்டர்ஃபேஸ் எண் மாறும் பிரச்சினை. ஒவ்வொரு போர்ட்டையும் எஸ்என்எம்பி ஓர் எண்ணால் அடையாளம் காண்கிறது. சில கருவிகளில் மறுதொடக்கத்தின்போதோ புதிய கார்டு செருகும்போதோ இந்த எண்கள் புதிதாக வழங்கப்படும். நேற்றுவரை தலைமையகத்துக்கான இணைப்பைக் காட்டிய வரைபடம் இன்று கேன்டீன் வைஃபையின் போக்குவரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், பழைய தலைப்போடேயே. எந்த எச்சரிக்கையும் வராது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரி. சிஸ்கோ கருவிகளில் இந்த எண்ணை நிலையாக வைத்திருக்க ஒரே வரிக் கட்டளை உண்டு. மற்றவற்றில், எண்ணால் அல்லாமல் போர்ட்டின் பெயரால் அடையாளம் காணும்படி மென்பொருளை அமைக்கலாம். இரண்டில் ஒன்றை முதல் வரைபடம் போடும் முன்பே செய்தாக வேண்டும். பிறகு செய்தால் சேர்ந்த தரவில் எது எந்தப் போர்ட்டுடையது என்று பிரிக்க முடியாது.

எண்ணிகளையும் கவனிக்க வேண்டும். ஒரு போர்ட் வழியாக எத்தனை பைட் போயிற்று என்பதைக் கருவி ஓர் எண்ணியில் கூட்டிக்கொண்டே போகும். மென்பொருள் குறித்த இடைவெளியில் அதைக் கேட்டு வாங்கி, இரண்டு அளவுகளின் வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். இதற்குப் போலிங் என்று பெயர். பழைய எண்ணி 32 பிட் அளவானது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296ஐத் தொட்டதும், பழைய பைக்கின் ஓடோமீட்டர் சுற்றி வருவதைப் போல, மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 343 விநாடி ஆகும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்ட காலத்தில் கணக்கு தவறவில்லை. 1 கிகாபிட்டில் 34 விநாடியிலேயே சுற்றிவிடும். 10 கிகாபிட்டில் மூன்றரை விநாடி கூட ஆகாது. ஐந்து நிமிட இடைவெளியில் எண்ணி எத்தனை முறை சுற்றியது என்று மென்பொருளால் அறிய முடியாது. வரைபடம் பொய்யான, பெரும்பாலும் குறைவான வேகத்தைக் காட்டும். 64 பிட் எண்ணி இதற்குத் தீர்வு. ஆனால் எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் அதைக் கேட்கவே முடியாது. முதல் பதிப்பை அணைத்துவிடச் சொல்வதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணமல்ல, கணக்கும் காரணம்.

கருவியின் சிபியூவையும் நினைக்க வேண்டும். எஸ்என்எம்பி கேள்விக்குப் பதில் சொல்வது ரௌட்டரின் முதன்மை வேலையல்ல. முழு இணைய ரௌட்டிங் அட்டவணையைச் சுமக்கும் ரௌட்டரில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதைகள் இருக்கும். ‘எல்லாவற்றையும் எடு’ என்று மென்பொருளை விட்டால் அவ்வளவையும் வரிவரியாகக் கேட்கத் தொடங்கும், ரௌட்டரும் திணறும். எந்தத் தரவுக் கிளைகளைக் கேட்கலாம் என்று கருவியிலேயே வியூ வழியாக வரம்பு போட்டுவைப்பது நல்லது.

பாதை

ஃபயர்வால் அனுமதிகளை நிறுவல் நாளன்று கேட்டு வாங்கலாம் என்று நினைப்பவர்கள், அனுமதி கிடைக்கும்வரை அந்த நாளை நீட்டிக்கொண்டே போவார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியவை இவை. சர்வரிலிருந்து கருவிகளுக்கு: பிங், யுடிபி 161, எஸ்எஸ்எச் 22. கருவிகளிலிருந்து சர்வருக்கு: எஸ்என்எம்பி ட்ராப்புக்கு யுடிபி 162, சிஸ்லாகுக்கு 514, மறைகுறியாக்கிய சிஸ்லாகுக்கு 6514. போக்குவரத்துப் பகுப்பாய்வு வேண்டுமானால் நெட்ஃப்ளோவுக்கு வழக்கமாக 2055, எஸ்ஃப்ளோவுக்கு 6343. விண்டோஸ் சர்வர்களை டபிள்யூஎம்ஐ வழியாகக் கண்காணிப்பதுதான் இங்கே தலைவலி. 135இல் தொடங்கும் உரையாடல் 49152 முதல் 65535 வரை ஏதோ ஒரு போர்ட்டுக்குத் தாவும். அந்த வரம்பு முழுவதையும் திறக்க எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. கண்காணிக்கப்படும் சர்வரிலேயே ஏஜென்ட் என்ற சிறு நிரலை வைத்தால் ஒரே போர்ட் போதும். ஜாபிக்ஸுக்கு அது 10050. ஏஜென்ட் இல்லாத கண்காணிப்பே எளிது என்பது விற்பனையாளர் சொல்லும் வாதம். ஃபயர்வாலைத் தாண்டும் இடங்களில் ஏஜென்ட்தான் எளிது, பாதுகாப்பானதும்கூட.

போர்ட் திறந்த பிறகும் பதில் வராமல் போக இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படும். பல இன்டர்ஃபேஸ் உள்ள ரௌட்டர், கேள்வி வந்த முகவரியிலிருந்து அல்லாமல் வேறொரு முகவரியிலிருந்து பதில் அனுப்பினால், ஃபயர்வால் அதை அந்நியச் செய்தியென்று தடுத்துவிடும். லூப்பேக் முகவரியிலேயே கேட்கவும் அதிலிருந்தே பதிலையும் ட்ராப்பையும் அனுப்பவும் அமைத்தால் இது தீரும். அடுத்தது விபிஎன். மொத்தமாகக் கேட்கும் கேள்விக்கு வரும் பெரிய யுடிபி பதில், டன்னலின் அளவுக்குள் அடங்காமல் துண்டாகும். துண்டுகளை வழியில் ஏதாவதொரு ஃபயர்வால் கைவிடும். பிங் நன்றாக வரும், கருவியின் பெயரும் வரும், போர்ட் பட்டியல் மட்டும் வராது. ஒரு தடவையில் கேட்கும் அளவைக் குறைத்தால் வேலை செய்யும்.

கிளைகள் பல உள்ள நிறுவனங்களில் ஒவ்வொரு கிளையிலும் ஒரே தனியார் ஐபி வரம்பு திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மைய சர்வரிலிருந்து நேராகக் கேட்க நினைப்பது வீண். கிளைக்கொரு சிறிய சேகரிப்பான் வைக்க வேண்டும். கிளையின் இணைப்பு அறுந்தாலும் அது தரவைத் தன்னிடம் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். மின்சாரமும் இணைய இணைப்பும் அடிக்கடி போய்வரும் ஊர்களில் இது அவசியம்.

ரோஜர்ஸ் சம்பவம் கற்றுத்தருவதும் பாதையைப் பற்றியதுதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோதும் இதேதான் நடந்தது. தனி மேலாண்மைப் பாதை வேலை செய்யவில்லை, உள்கருவிகளும் செயலிழந்தன, பொறியாளர்கள் நேரடியாகத் தரவு மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. எல்லோராலும் முழுமையான இரண்டாம் நெட்வொர்க் கட்ட முடியாது. ஆனால் மேலாண்மைக்குத் தனி விலான் போட எந்தச் செலவும் இல்லை. கோர் ரௌட்டர், முதன்மை ஃபயர்வால் ஆகியவற்றின் கன்சோல் போர்ட்டை ஒரு கன்சோல் சர்வரில் இணைத்து, அதற்கு வேறொரு நிறுவனத்தின் 4ஜி சிம் போடுவது சிறிய கல்லூரியாலும் முடிகிற காரியம்.

சர்வர்

500 கருவிகள், கருவிக்குச் சராசரியாக 24 போர்ட், போர்ட்டுக்கு 8 அளவுகள் என்று கொள்வோம். மொத்தம் 96,000 அளவுகள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் விநாடிக்கு 320 எண்கள் டேட்டாபேஸுக்கு வரும். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 1,600. ஜாபிக்ஸ் கையேடு ஓர் எண்ணுக்குச் சுமார் 90 பைட் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. அப்படியானால் ஐந்து நிமிட இடைவெளிக்கு நாளொன்றுக்கு இரண்டரை ஜிபி, ஒரு நிமிட இடைவெளிக்குப் பன்னிரண்டரை ஜிபி. முப்பது நாள் முழு விவரத்தோடு வைத்தால் முறையே 75 ஜிபி, 375 ஜிபி. இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கிய சர்வரில் சில மாதங்களில் டிஸ்க் நிறையும், டேட்டாபேஸ் நிற்கும், கண்காணிப்பு தன் சாவைக்கூட அறிவிக்க முடியாமல் போகும். எல்லாப் போர்ட்டையும் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கத் தேவையில்லை. அப்லிங்குகளையும் சர்வர் போர்ட்டுகளையும் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறையும், மேசைக் கணினிகள் இணைந்திருக்கும் போர்ட்டுகளை அவற்றின் நிலை மாறும்போது மட்டும் கவனித்தால் போதும்.

டிஸ்கின் கொள்ளளவைவிட வேகம் முக்கியம். இந்த மென்பொருள்கள் இடைவிடாமல் சிறு சிறு துண்டுகளாக எழுதுபவை. ரெய்டு 5இல் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் டிஸ்க் நான்கு முறை வேலை செய்கிறது. ரெய்டு 10இல் இரண்டு முறை. எஸ்எஸ்டியும் ரெய்டு 10உம் இருந்தால் நடுத்தர சிபியூவே போதும். டேட்டாபேஸுக்கும் லாகுக்கும் இயங்குதளத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கினால், ஒன்று நிறைந்து மற்றொன்றை இழுத்துப் போடாது.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஆயுளைப் பார்க்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. விண்டோஸ் சர்வர் 2012க்கு 2023 அக்டோபர் 10. பழக்கமானது என்பதற்காகக் காலாவதியானதன் மேல் புதிய மென்பொருளை நிறுவினால், முதல் பதிப்பு மேம்படுத்தலிலேயே சுவரில் முட்ட வேண்டியிருக்கும். நிலையான ஐபி, முழுப் பெயர், டிஎன்எஸ்ஸில் முன்னும் பின்னும் பொருந்தும் பதிவு ஆகியவை அடிப்படை. சிஸ்லாக் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஐபியைப் பெயராக மாற்றத் தேடும் சர்வர், பதிவு இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலிலும் காத்துக் கிடக்கும். பல லினக்ஸ் பதிப்புகளில் யுடிபி செய்திகளைப் பெறும் பஃபரின் இயல்பு உச்சவரம்பு 208 கிலோபைட்தான். ஒரு ஸ்விட்ச் அடுக்கு விழுந்து லாக் மழையாகப் பொழியும் அந்த முக்கியமான நிமிடத்தில் பஃபர் நிரம்பி, தேவையான வரிகள் சுவடின்றி உதிர்ந்துவிடும். இந்த வரம்பை முன்கூட்டியே உயர்த்திவைக்க வேண்டும்.

மெய்நிகர் சர்வரில் நிறுவலாமா என்ற கேள்விக்கு என் பதில்: நிறுவலாம், ஆனால் அது கண்காணிக்கும் ஹைப்பர்வைசர் தொகுப்பிலேயே வைக்கக் கூடாது.

நேரமும் லாகும் இந்தியாவில் சட்டப் பொறுப்பாகிவிட்டன. 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் பிறப்பித்த உத்தரவு, கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. லாகுகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விநாடிக்கு 500 செய்தி, செய்திக்கு 200 பைட் என்று கொண்டால் நாளுக்கு 8.6 ஜிபி, 180 நாளுக்கு ஒன்றரை டிபி. இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்காத திட்டம் தணிக்கையில் மாட்டும். கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டாவிட்டால் எது முதலில் விழுந்தது என்று லாகைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

சாவிக்கொத்தைக் காப்பது

2020 டிசம்பரில் உலகம் அறிந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் இந்தத் துறைக்கு நேரடியான எச்சரிக்கை. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மேலாண்மை மென்பொருளின் அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே ஊடுருவிகள் நச்சு நிரலைச் சேர்த்திருந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றார்கள். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிஐஎஸ்ஏ டிசம்பர் 13 அன்று, ஓரியனைத் துண்டிக்கும்படி அரசுத் துறைகளுக்கு அவசர உத்தரவிட்டது. ஊடுருவிகள் மேலாண்மை மென்பொருளைக் குறிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எல்லாக் கருவிகளின் கடவுச்சொல்லும் அதனிடம் இருக்கிறது, எல்லா ஃபயர்வால்களும் அதற்கு வழிவிடுகின்றன, அது எல்லாவற்றையும் தொடுவதை எவரும் சந்தேகிப்பதில்லை.

அந்த நச்சு நிரல் இணையத்தில் இருந்த தன் எஜமானரைத் தொடர்புகொள்ள முடிந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். வெளியே செல்லும் இணைப்பு மூடப்பட்டிருந்த சர்வர்களில் அது முடங்கிக் கிடந்தது. ஆகவே மேலாண்மை சர்வருக்கு இணையத்தைத் தாராளமாகத் திறந்துவிடாதீர்கள். அப்டேட்டுக்கும் எச்சரிக்கை அனுப்பவும் தேவையான குறிப்பிட்ட முகவரிகள் போதும். விண்டோஸ் கண்காணிப்புக்கு டொமைன் அட்மின் கணக்கைக் கொடுப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அதற்கு நியாயம் எதுவும் இல்லை. படிக்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்கு உருவாக்க ஒரு மதியம் போதும்.

இன்னும் முடியாத விவாதங்கள்

எஸ்என்எம்பியின் காலம் முடிந்துவிட்டது, ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரிக்குப் போங்கள் என்ற குரல் வலுக்கிறது. ஆபரேட்டர்கள் எஸ்என்எம்பியைக் கண்காணிக்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள், உள்ளமைக்க அல்ல என்பதை 2002இல் நடந்த இணையக் கட்டமைப்பு வாரியத்தின் பட்டறையே பதிவுசெய்தது. அதையொட்டி 2006இல் நெட்கான்ஃப் வந்தது. பிறகு கருவியே தரவைத் தொடர்ந்து தள்ளிவிடும் ஜிஎன்எம்ஐ போன்ற முறைகள் வந்தன. தரவு மையங்களிலும் பெரிய சேவை நிறுவனங்களிலும் அவை சரியான தேர்வு. கல்லூரிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் மாடிக்கு மாடி தொங்கும் ஸ்விட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு எஸ்என்எம்பிதான் தெரியும். அங்கே அதைச் செம்மையாக அமைப்பதே உருப்படியான வேலை. கிளவுடில் இயங்கும் மேலாண்மைச் சேவைகள் சர்வர் தயாரிப்பைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் இணைய இணைப்பு போனால் உங்கள் நெட்வொர்க்கைப் பார்க்கும் கண்ணும் போய்விடும். அதோடு, மேலே சொன்ன கருவிப் பக்க வேலை எதுவும் அங்கேயும் குறைவதில்லை.

எச்சரிக்கைகள் பற்றி இரண்டு மட்டும். கோர் ஸ்விட்ச் விழுந்தால் அதன் கீழுள்ள 80 கருவிகளுக்கும் 80 குறுஞ்செய்தி வரக் கூடாது. எது எதைச் சார்ந்தது என்ற உறவை நிறுவலுக்கு முன்பே வரைந்துவைக்க வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சலில் மட்டும் போகுமானால், மின்னஞ்சல் சர்வர் விழுந்த செய்தி யாருக்கும் வராது.

ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உரிமம், சர்வர், நிறுவல் என்று மூன்று வரிகளோடு நிறுத்தாதீர்கள். கருவிப் பட்டியல், எஸ்என்எம்பி அமைப்பு, ஃபயர்வால் அனுமதி, மாற்றுப் பாதை ஆகியவற்றைத் ‘தயாரிப்பு’ என்று தனி வரியாகவும் தனித் தொகையாகவும் தனிக் கால அவகாசத்தோடும் எழுதுங்கள். ஏற்புச் சோதனையாக மூன்றைக் கேளுங்கள்: ஒரு கிளையின் அப்லிங் கேபிளைப் பிடுங்கினால் ஒரே ஓர் எச்சரிக்கை, சரியான ஊர்ப் பெயரோடு வருகிறதா? ஒரு ஸ்விட்சை மறுதொடக்கம் செய்தபின் வரைபடங்கள் அதே போர்ட்டுகளைக் காட்டுகின்றனவா? முதன்மை இணைய இணைப்பை அணைத்தால் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி போகிறதா? இந்த மூன்றும் தேறிய பிறகு இறுதித் தவணையை விடுவியுங்கள்.